முகடு தேய்ந்த முதலையாமை

சுல்மா செய்த ஒரே தப்பு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதுதான். கூட ஒரு பொய்யைச் சேர்த்திருந்தால் ஊர் நம்பியிருக்கும்.

ஏப்ரல் மாதம், சதுப்புக்குள் ஓடும் ஓடையில், விழுந்து கிடக்கிற பெரிய சைப்ரஸ் மரத்துப் பக்கம் ஒரு ஆமை தலையைத் தூக்கி மூச்சு வாங்கியதை, மீன் பிடிக்கப் போன அவள் பார்த்தாள். தலை மட்டுமே ஒரு கைக்குழந்தையின் தலையளவு. ஓடு, படகின் குறுக்குப் பலகையைவிட அகலம். மீன் இறக்கும் துறைக்கு வந்து அதைச் சொன்னாள். மீன் வாங்குகிற ஒனேசிம், முதுகில் மூன்று முகடு இருந்ததா என்று கேட்டார். இல்லை, மொழுமொழுவென்று இருந்தது என்றாள். அவ்வளவுதான், துறையே சிரித்தது.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தப் பக்கம் கடிக்கிற ஆமையில் இரண்டு வகை. முதுகில் மூன்று வரிசை முகடு எழும்பி நின்றால் முதலையாமை. ஆண் வயசாகி நன்றாக வளர்ந்தால் நூறு பவுண்டைத் தாண்டும், சிலது நூற்றைம்பதும் போகும். முதுகு வழவழப்பாய், வாலில் மட்டும் ரம்பப் பல் இருந்தால் சாதாரணக் கடியாமை. முப்பது பவுண்டு வந்தாலே பெரிசு, ஐம்பது வந்தால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். வழவழப்பான முதுகும் அவ்வளவு பெரிய உடம்பும் ஒரே ஆமையில் சேரவே சேராது. ஆகவே சுல்மா புளுகுகிறாள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவளுடைய கொழுந்தன் அல்சீட். ஆமை என்று வந்தால் அங்கே அவன் வைத்ததுதான் சட்டம். கலங்கல் தண்ணீரில் கையை விட்டுத் தடவியே என்ன வகை என்று சொல்லிவிடுவான். ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து எடை சொன்னானென்றால் தராசும் ஆமாம் போடும். எதைக் கேட்டாலும் பதில் கையில் வைத்திருப்பான், கர்வமும் அந்த அளவுக்கு. "அண்ணி பார்த்தது ஆமை இல்லப்பா, பாசி புடிச்ச டயரு" என்றான். அன்றிலிருந்து அவள் துறையில் கால் வைத்தாலே எவனாவது டயர் என்ன விலை என்று கேட்பான். அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் இருபது வருஷம் தன் வாய்ச்சொல்லை வைத்தே மீன் தொழில் செய்தவளுக்கு அது நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. பிறகு அவள் எதைச் சொன்னாலும், மழை வரும் என்றால்கூட, ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் அவள் புருஷன் கடலில் எண்ணெய் எடுக்கிற வேலைக்குப் போய்விட, படகில் துணைக்கு அல்சீட் வந்தான். விடிகாலையில் கெளுத்திக்கு வரிசைத் தூண்டில் கயிறு போட்டுவிட்டு, வெயில் ஏறியதும் இழுக்கப் போனார்கள். சைப்ரஸ் மரத்தருகே கயிறு கனத்தது. வேரில் மாட்டியிருக்கும் என்றான் அல்சீட். அந்த வேர் கயிற்றைத் திருப்பி இழுத்தது.

அவன் குனிந்து தோள்வரை கையை விட்டுத் தடவினான். வழவழ முதுகு, கடியாமைதான், சேற்றில் புதைந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டான். கடியாமைக்குக் கழுத்து நீளம்; தன் ஓட்டின் பாதிக்கு மேலே பின்னால் வந்து கடித்துவிடும். அதனால் பின்விளிம்பை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். படகு சாய்ந்ததே தவிர ஆமை அசையவில்லை. ஆனால் வேரில் சுற்றியிருந்த கயிறு தளர்ந்துவிட்டது. அப்புறம் அது தானாகவே மேலே வந்தது, மூச்சுக்கு.

அம்மாடி, எப்பேர்ப்பட்ட உடம்பு! தண்ணீர் இரண்டாகப் பிளந்து வழிய, பாசி படர்ந்த ஓடு வந்தது, வந்துகொண்டே இருந்தது. தூண்போல முன்கால்கள். அது விட்ட மூச்சு சுல்மாவின் முகத்தில் அடித்தது. எத்தனை வருஷமாய் இந்தச் சேற்றை ஆண்டுகொண்டிருக்கிறதோ என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாயோரத்தில் தூண்டில் முள் ஏறியிருந்தது. கயிற்றை மட்டும் அறுத்துவிட்டால், வாயில் தொங்கும் மிச்சம் மறுபடி வேரில் சுற்றி மூச்சு முட்டிச் செத்துப்போகும். முள்ளையே குறடால் வெட்ட வேண்டும். அதற்கு யாராவது முன்பக்கம் பிடித்து அசையாமல் நிறுத்த வேண்டும்.

சுல்மா குனிந்து பார்த்தாள். மேலிருந்து பார்த்தால், கடியாமைக்குத் தெரிகிற கண் இதற்குத் தெரியவில்லை. கண் இரண்டும் பக்கவாட்டில், சுற்றிலும் பூவிதழ் மாதிரி சதை முட்களோடு இருந்தன. மூக்கு கிளிமூக்காய் வளைந்திருந்தது. ஓட்டில் பதித்ததுபோல இருக்கும் சில்லுகளில், விலாச் சில்லுக்கும் விளிம்புச் சில்லுக்கும் நடுவே கூடுதலாய் ஒரு வரிசைச் சில்லு. கடியாமைக்கு அது கிடையாது. முகடு இருந்த இடத்தில், தேய்ந்த வாசற்படிபோல மூன்று மங்கலான கோடு மட்டும். மரத்தடியில் நுழைந்து நுழைந்தே முகட்டை உரசித் தீர்த்திருக்கிறது மகராசன்.

"அல்சீட், இது முதலையாமை. கழுத்துக்குப் பின்னால, ஓட்டோட முன் விளிம்பப் புடி. அதுக்கு அவ்வளவு தூரம் கழுத்து வராது."

"கடியாமையா இருந்துச்சுன்னா என் விரல் போயிரும் அண்ணி."

"நீ முதுகத் தடவிப் பார்த்த. நான் மூஞ்சியப் பார்த்துச் சொல்றேன்."

"நிச்சயமா?"

"நான் எப்ப உங்கிட்டப் பொய் சொல்லிருக்கேன்?"

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு வலது கையை எடுத்து, அந்தக் கழுத்துக்குப் பின்னால் வைத்து இறுக்கினான்.

ஆமை வாயைப் பிளந்தது. கழுத்து திரும்பியது, பாதியில் நின்றுவிட்டது. திறந்த வாய்க்குள், நாக்கின் மேல், புழு மாதிரி ஒரு செந்நிறச் சதை நெளிந்தது. அதைக் காட்டியே மீனை வாய்க்குள் வரவழைக்கிற ஜாலக்காரன். சுல்மா குறடை நீட்டி முள்ளை வெட்டினாள். இரண்டு துண்டும் கையோடு வந்தன.

அல்சீட் பிடியை விடவில்லை. கயிறு கட்டித் துறைக்கு இழுத்துப்போவோம், சிரித்தவன் எல்லாம் வந்து பார்க்கட்டும் என்றான். சுல்மாவுக்கு ஆசை இல்லாமலா? நிறையவே இருந்தது. ஆனால் துறைக்கு ஒரு மணி நேரம். மோட்டாருக்குப் பின்னால் அவ்வளவு தூரம் இழுத்தால் போய்ச் சேர்வது பிணம்தான்.

"எம் பேரக் காப்பாத்த இதச் சாகடிக்கணுமா? விட்டுரு" என்றாள்.

அவன் கையை எடுத்தான். அது அவசரப்படாமல், வந்த கம்பீரத்தோடேயே இறங்கிப் போயிற்று. சேறு மட்டும் கொஞ்ச நேரம் குமிழியிட்டது.

துறையில் அல்சீட் எதையும் மறைக்கவில்லை. முதுகு வழவழப்பு, ஆள் முதலையாமை, தான் தடவிச் சொன்னது தப்பு, அண்ணி சொன்னது சரி என்று ஒப்பித்தான். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியும் கொழுந்தனும் ஒரே டயரில் ஏறிவிட்டார்கள் என்றான் ஒருவன். ஒனேசிம் சிரித்ததில் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிப்பா, எத்தன பவுண்டு இருக்கும்? ஒன் கைக்குத் தெரியாத எடையா?"

அல்சீட் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"தெரியல" என்றான்.

அந்தத் துறையில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. ஒனேசிம் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சுல்மாவை உட்காரச் சொன்னார். மற்றவர்களும் வேலையை விட்டுவிட்டு அவளைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"மொதல்லேருந்து சொல்லும்மா" என்றார்.