இடம் மாறிய வலி

சிட்டம்மாளுக்குத் திங்கட்கிழமை முழங்கால் வீங்கியது. புதன்கிழமை அது வற்றி, முழங்கை வீங்கியது. காய்ச்சலில் தேயிலைக் கொழுந்துக்கூடையைத் தூக்க முடியாமல் தோட்டத்து மருந்துச்சாலைக்கு நடந்தாள்.

அங்கே டிஸ்பென்சர் தேவசகாயம் எல்லா நோய்க்கும் விளக்கெண்ணெய் கொடுப்பார். சந்தேகம் வந்தால் ஏச்சும் சேர்த்துக் கொடுப்பார்.

"முந்தாநாள் கால், இன்னைக்குக் கையா? நின்னு நின்னு போக ஒன் வலி என்ன மாத்தளை பஸ்ஸா?"

"மாறி மாறித்தாங்க போகுது. நெஞ்சும் படபடங்குது."

"பொய் சொன்னா படபடக்கத்தான் செய்யும்."

'முந்தாநாள் முழங்கால், இன்று முழங்கை, வேலைக்குக் கள்ளம்' என்று புத்தகத்தில் எழுதினார்.

மறுநாள் மாதப் பார்வைக்கு வந்த டாக்டர் அதைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"மூட்டுக்கு மூட்டு தாவுற இது வாதக்காய்ச்சல். இருதயத்தையும் தொட்டிருச்சு. சாலிசிலேட் குடுங்க, ஆறு வாரம் படுக்கையிலேயே இருக்கணும். மிஸ்டர் தேவசகாயம், நோயைச் சரியா எழுதிட்டு, பேரைத்தான் தப்பா வச்சிட்டீங்க."

அடுத்த வாரம் தேவசகாயம், அந்த நோயைத் தாமே முதலில் கண்டுபிடித்ததாகத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் படுத்திருந்த சிட்டம்மாளின் காதுக்கும் அது எட்டியது. சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள்.