குட்டி மங்கையின் அம்மா

பிரசீதாவுக்கு முன்பற்கள் தூக்கலாக இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று, "வாய மூடிச் சிரிச்சா போரும், கேட்டியா" என்று அத்தை காதில் சொல்லித்தான் அவளை அனுப்பினாள். கல்யாணப் படத்திலும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறாள். அதனால் மகள் ஜிஷாவுக்குப் பற்கள் சீராக முளைத்தபோது அவளுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. வீட்டுக்கு யார் வந்தாலும், "மக்களே, மாமிக்கு ஒண்ணு சிரிச்சுக் காட்டு" என்பாள். ஜிஷாவும் சிரிப்பாள்.

1995 ஓணத்துக்கு, குன்னத்துகால் பக்கம் அவர்கள் ஊரிலிருந்த கிளப் புதிதாக ஒரு போட்டி வைத்தது. முந்தின வருடம்தான் இந்தியப் பெண்கள் இரண்டு பேர் உலக அழகிப் பட்டங்கள் வாங்கியிருந்தார்கள். டிவி இருந்த வீடுகளில் எல்லாம் சின்னப் பெண்கள் துண்டைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு நடந்து பழகிய காலம். உறியடிக்கும் வடம்வலி என்ற கயிறிழுப்புக்கும் நடுவில், சிறு பெண் குழந்தைகளுக்கு 'குட்டி மங்க' அழகுப் போட்டி என்று நோட்டீசில் இருந்தது. ஜிஷாவுக்கு ஆறு வயது.

பிரசீதாவின் கணவன் தாணு வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தான். நோட்டீசைப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்றான்.

"நாலு பேரு காணட்டு. உங்களுக்கு அந்த ஷீட்டு மட்டும் போருமாக்கும்."

அவன் நோட்டீசை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் ஜிஷா முற்றத்தில் நடக்க வேண்டும். கடைசியில் நின்று, தலையை லேசாகச் சாய்த்து, கை கூப்பி, பற்கள் தெரியச் சிரிக்க வேண்டும். அம்மா போதும் என்று சொல்கிறவரை சிரிப்பை விடக்கூடாது. முன்பல் ஒன்று வேறு ஆடத் தொடங்கியிருந்தது. ஓணத்துக்குள் அது விழுந்துவிடக் கூடாதென்று முறுக்கு, கொய்யாக்காய், மரச்சீனிக் கிழங்கு வற்றல் எல்லாம் நிறுத்தப்பட்டன. கறுத்துப்போவாள் என்று வெயிலில் விளையாடுவதும் நின்றது. மற்றப் பிள்ளைகள் ஓடுவதை ஜிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

அடுத்த வீட்டுச் சத்தியபாயின் மகள் ரெஷ்மாவும் போட்டியில் சேர்ந்திருந்தாள். சத்தியபாயின் கணவன் மஸ்கட்டில் இருந்தான். அவள் வீட்டில் போன் உண்டு, பெட்டி நிறைய வெளிநாட்டுத் துணி உண்டு. இரண்டு வீட்டுக்கும் இடையே வேலிக்கு மேலாகக் குழம்பும் பாயசமும் போய்வருவது வழக்கம். அந்த மாதம் பிரசீதா அதை நிறுத்திவிட்டாள். "நம்ம உடுப்பு என்னதுண்ணு ரெஷ்மாகிட்ட பறயப்பிடாது, கேட்டியா?" என்று மகளிடம் சொல்லிவைத்தாள்.

போட்டி அன்று மத்தியானம், சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி ஒன்றை வெட்டித் தைத்துச் சின்னதாக்கிய செட்டுமுண்டை ஜிஷாவுக்கு உடுத்திவிட்டாள். இடுப்பிலும் தோளிலும் வரிசையாக சேஃப்டி பின். தலை நிறைய முல்லைப்பூ. மேடைக்குப் பின்னால் ஓலை மறைப்புக்குள் பிள்ளைகள் காத்திருந்தார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து வரவேண்டிய நடுவர், பியூட்டி பார்லர் நடத்தும் அம்மாள், வந்து சேரவில்லை.

"அம்மா, ஒண்ணுக்குப் போணும்."

"இப்ப அவுத்தா திரும்ப உடுத்த நேரமில்ல. இப்ப விளிப்பாங்க. அடக்கிக்க மக்களே."

ஜிஷா காலை மாற்றி மாற்றி நின்றாள். நடுவர் வரவில்லை. மறுபடி கேட்டாள். பிரசீதா அவள் நெற்றி வியர்வையை ஒற்றியெடுத்துப் பவுடர் போட்டாள்.

"பின்னெல்லாம் குத்திக் கெடக்கு. கசங்கிப் போவும். ஒரு தடவ நடந்துட்டு வா, பொறவு போலாம்."

"முட்டுதும்மா."

"ஏட்டி, சொன்னா கேக்கணும்."

அதற்குள் நடுவர் வந்துவிட்டார் என்று சத்தம் கேட்டது. அம்மாக்கள் எல்லாரும் கூட்டத்தில் போய் உட்காரவேண்டும் என்று கிளப்காரர்கள் விரட்டினார்கள். பிரசீதா மேடைக்கு நேராக ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் பாறசாலையிலிருந்து ஓணத்துக்கு விருந்து வந்த ஒரு பெண். நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தாள். இருவரும் கொஞ்சநேரம் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜிஷாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் நன்றாகத்தான் நடந்து வந்தாள். நின்றாள், தலையைச் சாய்த்தாள், கை கூப்பிச் சிரித்தாள். கூட்டத்தில் கைதட்டினார்கள். பிரசீதாவுக்கு நெஞ்சு நிறைந்தது. நடுவர் மைக்கை வாங்கி, "மோள்க்கு வலுதாவும்போள் ஆராவணம்?" என்று கேட்டார். பெரியவளானால் என்னவாக வேண்டும் என்ற அந்தக் கேள்விக்கு, டாக்டராக வேண்டும் என்ற பதிலை வீட்டில் பிரசீதா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஜிஷா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வெள்ளை முண்டின் முன்பக்கம் நனைந்து இருண்டது. பலகை மேல் தண்ணீர் பரவி, மேடை விளிம்பில் வழிந்து சொட்டியது.

முன்னால் தரையில் இருந்தவர்கள்தான் முதலில் கண்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போனது. மைக்குக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குட்டியுடெ அம்ம எவிடெ? ஒந்நு ஸ்டேஜிலேக்கு வரணே" என்று பிள்ளையின் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

ஜிஷா நேராகப் பிரசீதாவைப் பார்த்தாள். அப்போதும் அவள் சிரிப்பை விடவில்லை. போதும் என்று யாரும் சொல்லவில்லை.

"பாவம். ஆருக்க பிள்ளயாக்கும் இது?" என்று பட்டுச்சேலைக்காரி கேட்டாள்.

"தெரியல்ல" என்றாள் பிரசீதா.

சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கு உறைப்பதற்குள் மைக்குக்காரர் மறுபடி கூப்பிட்டுவிட்டார். எழ வேண்டும் என்று நினைத்தாள். எழுந்தால் பக்கத்துப் பெண் பார்ப்பாள். ஊர் முழுக்கப் பார்க்கும். அவள் குனிந்து காலடியில் எதையோ தேடுவதுபோல இருந்தாள். நிமிர்ந்தபோது சத்தியபாய் மேடைமேல் நின்றாள். கைப்பையிலிருந்த பூத்துவாலையால் ஜிஷாவைச் சுற்றி, "ஒண்ணுமில்ல மக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லியபடி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஈரம் அவள் சேலையெல்லாம் ஆனது.

அடுத்ததாக ரெஷ்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் அம்மாவைக் காணாமல் அவள் அழுதாள், மேடைக்கு வரமாட்டேன் என்று மறைப்புக்குள்ளேயே நின்றுவிட்டாள். அவளை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

மைதானத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கிணற்றடியில் சத்தியபாய் ஜிஷாவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிரசீதா கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாள்.

"தண்ணி குடிக்கப் போனேன். அதுக்குள்ள..."

சத்தியபாய் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். "கொண்டுபோ. தலைக்கு ஊத்திக் குளிப்பாட்டு" என்றாள். அவ்வளவுதான்.

 வீட்டில், துவாலையோடு வந்த மகளைப் பார்த்துத் தாணு பதறினான். "என்னாச்சு மக்கா?"

பிரசீதா வாயைத் திறக்கும் முன்பே ஜிஷா சொன்னாள். "நான் மேடயில ஒண்ணுக்குப் போயிட்டேன்ப்பா. அம்மா அப்ப அங்க இல்ல. தண்ணி குடிக்கப் போயிருந்தா."

தாணு பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டான். பிரசீதா அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். பிள்ளை தன்னைப் பார்த்ததை அவள் பார்த்திருந்தாள். ஒருமுறை கேட்ட பொய்யை அது அப்படியே மனதில் வாங்கி, அப்பாவுக்கு முன்னால் அம்மாவுக்காகச் சொல்லியிருந்தது. அவள் வெளியே போய் அதைத் திருத்தவில்லை.

துவாலையைத் துவைத்துக் காயவைத்து மடித்தும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அவளால் முடியவில்லை. சத்தியபாய் வெளியே வந்தால் இவள் உள்ளே போய்விடுவாள். கடையில், பஸ்ஸில் யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று தோன்றும். ஆனால் ஊர் சிரித்ததைவிட, யாருமே தன்னைத் திட்டாததுதான் அவளை அரித்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டுச் சத்தியபாயும் ரெஷ்மாவும் வந்த நேரம் பார்த்துப் போனாள்.

"அக்கா, நான் தண்ணி குடிக்கப் போகல்ல. அங்கதான் இருந்தேன்."

"தெரியும். கண்டேன்."

"ரெஷ்மாவுக்கும் போச்சு, என்னால."

"அவ அதெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சு." சத்தியபாய் துவாலையை வாங்கி மேசைமேல் வைத்தாள். "நீ என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? பிள்ளகிட்ட சொல்லு. தாணுகிட்டயும் சொல்லு."

அன்று சாயங்காலம் ஜிஷாவுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. "மக்களே, அன்னைக்கு அம்மா அங்கதான் இருந்தேன். வெக்கப்பட்டு வராம இருந்துட்டேன். தப்பு எனக்காக்கும். உனக்கில்ல."

"நான் நாறினேனாம்மா?"

"இல்ல மக்களே."

"பின்ன என்னத்துக்கு வெக்கம்?"

பிரசீதா சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். ஜிஷா திரும்பி, அவள் அழுவதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பின்னலின் நுனியில் தானே ரிப்பனைச் சுற்றத் தொடங்கினாள்.

தாணுவிடமும் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை. "தெரியல்லண்ணா சொன்னே?" என்று மட்டும் கேட்டான். சில நாள் அவன் ஜிஷாவைத் தன்னோடு வெள்ளறடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பிரசீதா தடுக்கவில்லை.

ஐப்பசியின் துலா மழையில் ஒருநாள் ஜிஷா பள்ளிப் படியில் வழுக்கி விழுந்து நெற்றி உடைந்தது. வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று டீச்சர் கேட்டதற்குச் சத்தியபாய் மாமியை என்றாள். பள்ளியிலிருந்து போன் வந்ததும் சத்தியபாய் வேலியருகே வந்து கத்தினாள். இரண்டு பெண்களும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு ஜிஷா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் மேசை, நாற்காலி, நனைந்த குடைகளோடு டீச்சர்மார் நிறையப்பேர்.

"இந்தக் குட்டியுடெ அம்ம ஆரா?" என்று ஒரு டீச்சர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் பிரசீதா. சொன்ன சத்தம் அவளுக்கே அதிகமாகப்பட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மடியில் கிடந்த மகளிடம் மெதுவாகக் கேட்டாள். "என்ன ஏன் மக்களே விளிக்கச் சொல்லல்ல?"

"மாமி வீட்டிலதானே போன் உண்டு" என்றாள் ஜிஷா.

அது உண்மைதான். பிரசீதா காயத்தின்மேல் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம், வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் இல்லை என்றுதான் ஜிஷா சொன்னாள்.