காமாலை என்று சொன்ன சாவு

"மஞ்சக்காமாலதான் மதினி. கண்ணெல்லாம் மஞ்சளாயிட்டு" என்று ஐந்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டே ஆக்னஸ் பெஞ்சின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கம் பக்கத்து வீட்டுத் தேவமணி. கொல்லையில் சேலையால் மறைப்புக் கட்டியாயிற்று. செத்துப்போன ஜெமியைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். நாலு மணிக்கு மாதா கோயிலில் சாவுப் பூசை.

ஜெமி ஆக்னஸுக்குத் தம்பியாகப் பிறந்து தங்கச்சியாக வாழ்ந்தவள். துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் மீன் பொரித்து விற்றாள். ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுவது தெரு வழக்கம். காலையில் வாசலில் ஆண்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, "பொம்பளயாத்தான இருந்தா? நாங்க பாத்துக்கிடுதோம், போங்க" என்று தேவமணி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஆக்னஸுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. அந்த நல்ல மனுஷியிடமும் பொய்தான் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அவளுக்குப் பழகி மூன்று வருஷமாயிற்று.

ரத்தத்தில் கிருமி என்று தெரிந்த அன்றே பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பஸ்ஸில் பத்து நிமிஷம். விடாமல் சாப்பிட்டால் எல்லாரையும் போல இருக்கலாம் என்று டாக்டரம்மா ஜெமியின் தோளைத் தட்டித்தான் அனுப்பினார். கெடுத்தது ஆக்னஸ். "அங்கன நம்ம தெரு ஆளுவ வந்து போவாவ. எவளாவது பாத்துட்டா எம்மவளுக்கு மாப்பிள வருமா? திருநவேலில போய் வாங்கு" என்றாள்.

ஜெமி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் திருநெல்வேலிக்கு மாதாமாதம் பஸ் ஏறினாள். கால் வீங்கிய மாதம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. ஆக்னஸ் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டுமே! இருமல் வந்து, சோறு இறங்காமல் போய், எட்டு மாதத்தில் தூக்கினால் கனமில்லாத உடம்பாகிவிட்டாள்.

"யக்கா" என்று மறைப்புக்கு வெளியே குரல் கேட்டது. சீனித்தாய். ஜெமியோடு மீன் பொரித்தவள், அவளைப் போலவே திருநங்கை. ஆக்னஸை ஓரமாக இழுத்து, அழுத கண்ணோடு காதில் கேட்டாள்.

"காமாலதானக்கா? நெசமா?"

"ஆமா."

"அவ மாத்திரைய உட்டதால இல்லையே?" சீனித்தாயின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நானும் நாலு மாசமா வாங்கப் போகலக்கா. அங்க உக்காந்திருந்தா எல்லாரும் பாக்காவ. இவ சாவக் கேட்டுப் பயந்துட்டேன். காமாலன்னா, மாத்திர இல்லாமலும் இருந்துக்கிடலாம்லா?"

ஆக்னஸ் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். அலறலாக வந்தது.

"இல்லளா! மாத்திரைய உட்டுத்தான் செத்தா! பாவி நாந்தான் உட வச்சேன்!"

மறைப்புக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"என்ன மாத்திர?" என்றாள் தேவமணி.

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சீனித்தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எச்.ஐ.வி.க்கு மதினி."

உதவிக்கு வந்த இரண்டு பெண்கள் முதலில் போனார்கள். தேவமணி சோப்பைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தொட்டா ஒட்டாது மதினி. டாக்டரம்மா சொன்னாவ."

"எனக்குப் பேரப்பிள்ளைய இருக்குளா" என்று சொல்லி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே தேவமணியும் போய்விட்டாள். பாதி நனைந்த தலையோடு ஜெமி கிடந்தாள்.

"நாளைக்கு நான் கூட வாரேன். இங்கனயே, பெரியாஸ்பத்திரிக்கு. பாக்கவன் பாக்கட்டும்" என்றாள் ஆக்னஸ். சீனித்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜெமியின் தலைமாட்டில் போய் நின்றாள்.

இருந்த தண்ணீர் தலைக்கே சரியாகிவிட்டது. ஆக்னஸ் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். ஐந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெரு. முப்பது குடம் வரிசையில் இருந்தது. சேதி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஒருத்தி நிறைந்துகொண்டிருந்த தன் குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் குடங்களை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

இத்தனை வருஷத்தில் அன்றுதான் ஆக்னஸுக்கு வரிசையில் நிற்காமல் தண்ணீர் கிடைத்தது.