இடது பக்கக் கண்ணாடி

ஏழு மணிக்கு உள்ளூர் கேபிள் சானலில் படம் போடுவார்கள். அதற்கு முன்னால் விளம்பரத்தில் அந்த வேன் வரும். அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கனகதாஸ் நாலைந்து நாள் தன் ஸ்டிக்கர் கடையை முன்னதாகவே அடைத்துப் பார்த்தான். பலிக்கவில்லை. ஏதாவது ஒரு வண்டிக்காரர் வந்து பிடித்துக்கொள்வார். அமரவிளையில் இருந்த கடையிலிருந்து அவன் வீடு வரைக்கும் கேபிள் இழுத்த வீடுகள் முப்பதுக்குக் குறையாது. புழுக்கத்துக்கு ஜன்னல்களைத் திறந்து போட்டிருப்பார்கள். முதலில் கம்ப்யூட்டரில் போட்ட இசை, பிறகு உங்கள் வண்டியை ஊர் திரும்பிப் பார்க்க வேண்டாமா என்று மலையாளத்தில் ஒரு குரல். அவன் சைக்கிளை அழுத்த அழுத்த, ஒரு ஜன்னல் பாதியில் விட்ட சொல்லை அடுத்த ஜன்னல் எடுத்துச் சொன்னது. அவன் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலேயே தெரிந்தது: வெள்ளை வேன், அதன் உடம்பெல்லாம் நீல அலை, அலைக்கு மேலே பறக்கிற பருந்து. இடப்பக்க முன்கதவின் கண்ணாடியை மூடிக்கொண்டு விரிந்த அதன் நீலச் சிறகு.

தொண்ணூற்றெட்டில் அந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் வெட்டுகிற மிஷின் வைத்திருந்தது அவன் ஒருவன்தான். மிஷின் வந்தும் ஆள் வரவில்லை. கேபிள் நடத்துகிற அஜேஷ்தான் வழி சொன்னான். "நோட்டீசு இப்பம் யாரு அண்ணா வாசிக்கா? கம்ப்யூட்டர்ல ஒரு விளம்பரம் செய்து டிவியில விடுவோம். எல்லா வீட்டுக்குள்ளயும் கேறிரலாம்." காட்டுவதற்கு ஒரு வண்டி வேண்டும். கூடப் படித்த சோமன் புது வேன் வாங்கியிருந்தான். சும்மா செய்து தருகிறேன் என்றதும் கொண்டுவந்து நிறுத்தினான். மூன்று நாள் வேலை. கடைசியில் சிறகு கதவோடு நிற்காமல் கண்ணாடிக்கு ஏறியபோது சோமன் கிட்டே வந்து பார்த்தான்.

"எலே கனகா, கண்ணாடி மறையுமே. இந்தப் பக்கத்தில ஒரு ஆளு நிண்ணா நான் எப்படிக் காணுவேன்?"

"போட்டோ எடுக்கது வரைக்கும் ஆக்கும். பின்ன கிழிச்சிரலாம்."

சிறகில்லாத பருந்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான் கனகதாசுக்கு அப்போது பட்டது. ஜங்ஷனில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். விளம்பரம் ஓடத் தொடங்கிய வாரமே ஜீப்பும் ஆட்டோவும் கடைக்கு முன்னால் வரிசையில் நின்றன. அந்தப் பருந்து வேன்தான் வேண்டும் என்று குன்னத்துகாலிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் சோமனைத் தேடி வந்தார்கள். கிழிப்பதைப் பற்றி அவனும் பேசவில்லை, இவனும் பேசவில்லை.

விளம்பரம் தொடங்கி இருபதாம் நாள் காலையில், பிரதான சாலையிலிருந்து இடப்பக்கச் சந்துக்குள் வேனைத் திருப்பினான் சோமன். மரச்சீனிக் கிழங்குச் சாக்கோடு சைக்கிளில் அதே பக்கத்தில் வந்துகொண்டிருந்த ராஜையா வேனுக்குக் கீழே போனார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கனகதாஸ் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சோமன் வேனுக்குப் பக்கத்தில் நின்றான். கதவுக் கண்ணாடி சிறகில்லாமல் பளிச்சென்று இருந்தது. சோமனின் விரல் நகங்களுக்குள் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்தது என்று போலீஸ் எழுதியது. கனகதாஸ் கூட்டத்தோடு நின்று கேட்டான். மறுநாள் அடக்கத்துக்கும் போனான். ராஜையா அவன் சபைக்காரர். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று அவன் பாடவும் செய்தான்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று அஜேஷ் கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்திலேயே இரண்டு வாரம் ஓடியது. பகலில் வந்தவர்கள் எல்லாரும் அதே சிறகைக் கேட்டார்கள். கண்ணாடியில் ஒட்ட மாட்டேன் என்று அவன் சொன்னால் சிரித்தார்கள். சாயங்காலம் ஜன்னல்கள் பேசின. வீட்டில் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த வீட்டிலிருந்து கேட்டது. மனைவி ஜிஜி, "ஒங்க விளம்பரம்தானே, இதுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?" என்றாள். அவன் குளிக்கப் போனான்.

கடைசியில் சோமன்தான் வந்தான். உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"அந்தப் படத்த நிறுத்து மக்கா. கேசு கோர்ட்டுக்குப் போவுது. அதில சிறகு இருக்கு."

அன்றைக்கே கனகதாஸ் அஜேஷிடம் போய் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி, போட்டோக்களைத் திரும்ப வாங்கினான். "இதப் பாத்துதானே அண்ணா ஆளு வருது?" என்றான் அஜேஷ். புதுசு ஒன்று செய்யலாம் என்று சொல்லிக் கனகதாஸ் சமாளித்தான். சாயங்காலம் ஜன்னல்கள் வேறு எதையோ பேசின. பல நாளுக்குப் பிறகு அன்று அவன் தூங்கினான்.

நாலாம் நாள் மத்தியானம் ராஜையாவின் மனைவி சுகிர்தபாய் கடைக்கு வந்தாள். வெள்ளைச் சேலை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"படத்த ஏன் மக்களே நிறுத்தினீங்க?"

"எந்தப் படம் அக்கா?"

"டிவியில வாறது. வேன் நிக்குமே. எல்லா நாளும் விஜயம்மா வீட்டில போயிருந்து பாப்பேன். அதில அவரு உண்டு."

அவள் தானே சொன்னாள். "வேனுக்கப் பொறத்த, மருந்துக்கடைப் பக்கம் சைக்கிளப் பிடிச்சிட்டு நிக்காரு. அண்ணைக்கு வீட்டில வந்து சொன்னாரு, கனகதாசு போட்டோ எடுத்தான், குறுக்க போவண்டாம்னு நிண்ணேன்னு. எங்களுக்க கல்யாணப் போட்டோவக் கரையான் தின்னுட்டுது. நினைவு ஜெபத்துக்கு வைக்க வேற ஒண்ணுமில்ல. அதில ஒண்ணு தருவீங்களா?"

நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தான். நூறு தடவை பார்த்த போட்டோ. அவன் கண் எப்போதும் சிறகைத் தாண்டிப் போனதில்லை. இப்போது பார்த்தான். வேனின் வாலுக்குப் பின்னால், கட்டைவிரல் நகத்தளவு, வெள்ளைச் சட்டையில் ராஜையா. ஒரு கை சாக்கின்மேல் இருந்தது. அவசரமில்லாமல், அடுத்தவன் வேலை முடியட்டும் என்று காத்துக்கொண்டு, நேரே இவனைப் பார்த்தபடி நின்றார்.

இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்து, பிளேடால் வேனைக் கழித்து வெட்டினான். வேன் போனது. அதோடு சைக்கிளின் முன்சக்கரமும் போனது. அது வேனின் ஓரத்தில் பாதி மறைந்திருந்தது. கையில் மிஞ்சிய துண்டில், முன்பக்கம் அறுபட்ட சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ராஜையா நின்றார். கனகதாஸ் பிளேடை வைத்துவிட்டு, முழுதாக இருந்த பிரதிக்கு ஒரு கவர் தேடி எடுத்தான்.

மறுநாள் அவள் வந்ததும் முழுப் போட்டோவைக் கொடுத்தான். அவள் விரல் நேரே மருந்துக்கடைக்குப் போனது. அவன் அந்த விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தான்.

"இதப் பாருங்க அக்கா. இந்தக் கண்ணாடி. சிறகு ஒட்டினது நான் ஆக்கும். மறையும்னு சோமன் சொன்னான். நான்தான் கேக்கல்ல. இந்தப் பக்கம் வாற ஆளு உள்ள இருக்கவனுக்குத் தெரியாது."

அவள் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போலீசு வந்தப்பம் இது இல்லியே."

"அவன் கிழிச்சிட்டான்."

"நீங்க கண்டியளா?"

"அவனுக்க நகத்தில கண்டேன்."

வெளியே ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, பதில் வராததால் போய்விட்டார். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரமில்லை.

"அடக்கத்துக்குப் பாட்டு படிச்சியளே மக்களே."

அவள் போட்டோவைக் கவருக்குள் போட்டு, கவரின் வாயை மடித்து, எழுந்து படியிறங்கினாள். சாலையின் இந்தப் பக்கம் நின்றால் நெய்யாற்றின்கரை பஸ் வரும். கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் அங்கேதான். எதிர்ப்பக்கம் கடந்தால் அவள் வீட்டுக்குப் போகிற பாதை. அவள் ஓரத்தில் போய் நின்றாள். கனகதாசும் இறங்கி வந்து நாலடி தள்ளி நின்றான். நெய்யாற்றின்கரை பஸ் ஒன்று வந்து நின்று, கண்டக்டர் தலையை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மணியடித்தார். அவள் ஏறவில்லை. அதன் பின்னால் சாலை கொஞ்சநேரம் காலியாகக் கிடந்தது. கடக்கலாம். அவள் கடக்கவும் இல்லை. பாறசாலைப் பக்கமிருந்து மரத்தடி ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. காற்றில் தலைக்கு மேல் ஏறிய முந்தானையைப் பிடிக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. கவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி, புழுதிக்குள் நின்றாள்.