தோள்பட்டை ரசீதுகள்

வரிக் கணக்கு எழுதும் அம்மாள் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எதிரே பூட்டுக்காரர், கையும் களவுமாக மாட்டிக்கொண்டவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

“இன்சூரன்ஸ் பிரீமியத்தை வருமானத்துல கழிச்சாச்சு. இந்தத் தோள்பட்டை வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ் பணம் தரல, அதனால இதையும் கழிக்கலாம். வைத்தியம் தேவைதான்னு பிசியோதெரபிஸ்ட் ஒரு லெட்டர் கொடுத்தா போதும்.”

“அதெல்லாம் வேண்டாம்மா, விட்டுடுங்க.”

“கஷ்டப்பட்டு சம்பாதிச்சது, ஏன் விடணும்?” என்று அவரே போனை எடுத்துப் பிசியோதெரபிஸ்டிடம் பேசி முடித்துவிட்டார். நல்ல மனசுக்காரர்களிடம் இதுதான் தொல்லை. வேண்டாம் என்றால் காதில் விழாது.

பூட்டுக்காரருக்கோ தோள் வலி போய் மாதக்கணக்காகிவிட்டது. ஊரில் யார் சாவியைத் தொலைத்தாலும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவார். திறந்ததும் அவர்கள் உள்ளே போய்விடுவார்கள், இவர் வெளியே நிற்பார். மனைவி போன பிறகு இவர் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான். வியாழக்கிழமைதோறும் பிசியோதெரபிஸ்டின் சின்ன அறையில் மட்டும் ஒரு மனிதர் தோளில் கை வைத்து, “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்பார். கையைத் தூக்கும்போது சரியான இடத்தில் ஒரு “ஸ்ஸ்” போட்டால், அடுத்த வியாழக்கிழமையும் கேட்பார்.

அந்த வாரம் பிசியோதெரபிஸ்ட் லெட்டர்பேடை மேஜைமேல் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

“எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா பாத்துடலாம்ணே.”

பூட்டுக்காரர் பதற்றத்தில் அவசரப்பட்டுவிட்டார். “ஸ்ஸ்!”

“நான் இன்னும் கையே வைக்கலையேண்ணே.”

பிசியோதெரபிஸ்ட் அவர் கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். அது தங்குதடையில்லாமல் காதை ஒட்டிப்போய் நின்றது. பாழாய்ப்போன கை, கொஞ்சமாவது முரண்டு பிடிக்கக் கூடாதா?

“வரிக்காகவா நடிச்சீங்க?”

வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, அதனால்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பொய்யன் என்ற பேரே தேவலை.

“ஆமா தம்பி. வரிக்குத்தான்.”

பிசியோதெரபிஸ்ட் திட்டவில்லை. முழுக்கக் குணமாகிவிட்டது, வைத்தியம் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “இனிமே நீங்க வர வேண்டியதே இல்லண்ணே.” இவ்வளவு நல்ல சேதியை இவ்வளவு துக்கத்தோடு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

வாசலுக்கு வந்த பூட்டுக்காரருக்குக் கால் நகரவில்லை. கதவின் பூட்டைத் தடவிப் பார்த்தார்.

“இது மக்கர் பண்ணுது தம்பி. அடுத்த வியாழக்கிழமை வந்து சரிபண்ணித் தரேன். காசெல்லாம் வேண்டாம்.”

பிசியோதெரபிஸ்ட் சாவியைப் போட்டுத் திருப்பினார். சத்தமே இல்லாமல் திரும்பியது. இன்னொரு தடவை திருப்பினார். பிறகு பூட்டுக்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமாண்ணே, இறுக்கமாத்தான் இருக்கு. வழக்கமான நேரத்துக்கே வந்துடுங்க.”