தாண்டவராயன் தரையைத் தொட்ட நாள்

2009ஆம் வருடம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிள்ளைப்பாக்கம் மைதானத்தில் இசக்கியின் வலது கைக் குத்தைத் தாடையில் வாங்கி விழத் தொடங்கிய தாண்டவராயன், 2015 தை மாதம்தான் தரைக்கு வந்து சேர்ந்தான். இடைப்பட்ட காலத்தில் சாலை அகலமானது, மைதானத்தின் மூன்று பக்கமும் சுவர் எழுந்தது, கங்கம்மாள் கடையில் டீ விலை பல தடவை ஏறியது. அவன் மட்டும் குதிகால் ஊன்றியபடி, முதுகு காற்றில் சாய்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக விழுந்துகொண்டிருந்தான்.

அடித்தவன் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். 2006இல் ஒரகடத்துக்கு வந்து, கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை பொருத்தும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தான். லைனில் கதவு வரும். பட்டையை விளிம்பில் வைத்து வலது உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. அது போகும், அடுத்தது வரும். அவனுக்கு நிரந்தர வேலை வேண்டும். அதற்காகத்தான் ரூமில் ஒரு அரிசிச் சாக்கில் மணலை நிரப்பித் தொங்கவிட்டுக் குத்துச்சண்டை பழகினான். கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்து வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தரம் ஆக்கிவிடுவதாக அலுவலக அதிகாரி சக்திகுமார் வாக்குக் கொடுத்திருந்தார். அவனை எதிர்த்து நின்ற தாண்டவராயன் உள்ளூர்க்காரன், வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், ஏற்கெனவே நிரந்தரம். சண்டையிலும் அவன்தான் கெட்டி. முதல் இரண்டு ரவுண்டில் இசக்கியைப் புரட்டி எடுத்துவிட்டான். மூன்றாவது ரவுண்டு முடியப் போகும் நேரத்தில் எதிர்ச்சாரிக் கம்பெனியில் ஷிப்டு சங்கு ஊதியது. ஊதிய அதே கணத்தில் தாண்டவராயனின் இரண்டு கைகளும் கீழே இறங்கின, இசக்கியின் வலது கை மேலே போனது. கூட்டம் எழுந்து நின்றது, பிறகு வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தது.

நடுவர் நரசிம்மன் குன்றத்தூரில் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், விதியைத் தவிர வேறொன்றும் அறியாதவர். எதிராளி விழுந்தால் அடித்தவன் இருவருக்கும் சொந்தமில்லாத வெள்ளை மூலைக்குப் போய் நிற்க வேண்டும், அதன்பிறகுதான் பத்து எண்ண வேண்டும். இசக்கியை மூலைக்கு அனுப்பினார். எண்ணுவதற்கு வாயைத் திறந்தவர் குனிந்து பார்த்தார். பாதத்தைத் தவிர உடம்பில் எதுவும் தரையைத் தொடவில்லை. தொடாதவனை எண்ண விதியில் இடமில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு, "நான் சொல்ற வரைக்கும் மூலைய வுட்டு நகராத" என்று இசக்கியிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இருட்டியதும், வேலைக்கும் தூங்குவதற்கும் போய் வரலாம், மற்ற நேரம் வந்து நிற்க வேண்டும் என்று கொஞ்சம் தளர்த்தினார்.

டாக்டர் ஒருவர் வந்து நாடி பார்த்து, ஆள் நன்றாக இருக்கிறார், விழுந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான் என்றார். விழுந்தபிறகு வாருங்கள், கேஸ் எழுதலாம் என்று போலீஸ் சொன்னது. நாலைந்து பேர் தோளில் கைவைத்து அழுத்திப் பார்த்தார்கள். தாண்டவராயன் அசையவில்லை, அழுத்தியவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. கம்பெனிக்காக விளையாடப் போனவன் என்பதால் அவன் கம்பெனி அவனைப் பணியில் இருப்பதாகவே வைத்துக்கொண்டது. ஆக, காற்றில் படுத்திருந்தவனுக்கு வருடா வருடம் சம்பள உயர்வு வந்தது, மூலையில் நின்றவனுக்கு ஒப்பந்தக்காரர்கள்தான் மாறினார்கள். முடிவு வரட்டும் இசக்கி, பார்க்கலாம் என்று சக்திகுமார் சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்.

தாண்டவராயனின் மனைவி கனகம் தினமும் சாயங்காலம் கஞ்சியோடு வருவாள். கரண்டியால் ஊற்றினால் தொண்டை தானாக விழுங்கும். முகம் மழிப்பாள், மழைக்கு மேலே தார்ப்பாய் கட்டுவாள், வெயில் காலத்தில் நனைத்த துண்டைப் போர்த்துவாள். முதல் வாரமே ஒரு மெத்தையைக் கொண்டுவந்து அவனுக்குக் கீழே விரித்தாள். இசக்கியோடு வேலை பார்த்த தெற்கத்திப் பையன்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மெத்தையில் விழுந்தால் அது தரையில் விழுந்ததாகுமா, நாளைக்கு நடுவர் எண்ண மாட்டேன் என்றால் எங்கள் ஆள் கதி என்ன என்று கேட்டார்கள். நரசிம்மன் யோசித்துவிட்டு மெத்தை கூடாது என்றார். கனகம் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வெள்ளை மூலையின் பக்கம் வந்தாள். "இன்னா தம்பி, என் வூட்டுக்காரு மண்டை ஒடஞ்சாதான் உனக்கு வேலையா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கங்கம்மாள் கடையில் லக்குக் கட்சிக்கு ஒரு பெஞ்சு, திறமைக் கட்சிக்கு ஒரு பெஞ்சு. கையை இறக்கியவனை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அது குருட்டாம்போக்கு என்றது முதல் பெஞ்சு. இறக்கும் நேரம் பார்த்து அடித்தானே, அதுதானே வித்தை என்றது இரண்டாவது பெஞ்சு. ஏன் இறக்கினான் என்று இரண்டு பெஞ்சுக்கும் தெரியாது. இசக்கி எந்தப் பெஞ்சிலும் உட்காரவில்லை. அடித்த அந்த நேரத்தில் அவன் கண்ணை மூடியிருந்தான். தன் கை செய்ததை அவனே பார்க்கவில்லை என்பதுதான் அவனை அரித்தது. வேலை கிடைக்காத வருத்தத்தைவிட அது பெரியதாக வளர்ந்துவிட்டது. மணல் சாக்கை அதே போல் குத்திக் குத்திப் பார்த்தான். சாக்கு போய்த் திரும்பி வந்தது, அவ்வளவுதான். குன்றத்தூர் மலைக்கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்த்தான். ஒரு தடவை திறமை என்று வந்தது, சந்தேகப்பட்டு இன்னொரு தடவை போட்டான், அதிர்ஷ்டம் என்று வந்தது. மூன்றாவது தடவை அர்ச்சகரே பொட்டலத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

அந்த வருடங்களில் அவன் உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது. நின்றபடி சாப்பிட்டான், கம்பெனி பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். தண்டலத்தில் ஒரு ரூம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரூம், ஒரகடத்தில் ஒரு ரூம் என்று மாறிக்கொண்டே இருந்தான். தூக்கத்தில் அவன் கால் ஓடுகிறது, பக்கத்தில் படுக்க முடியவில்லை என்று கூட இருந்தவர்கள் குறைப்பட்டார்கள். ஊரில் அவனுக்குத் தங்கமாரி என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். முடிவு வரட்டும் என்றே அவனும் சொல்லி அனுப்பினான். அவள் இரண்டு சித்திரை காத்திருந்துவிட்டு வள்ளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். சேதி வந்த அன்றும் ஷிப்டு முடிந்து நேராக வெள்ளை மூலைக்குத்தான் வந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். கனகம் கஞ்சியில் கொஞ்சம் மீதி வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். அதன்பிறகு அவள் இரண்டு பேருக்குச் சேர்த்தே கஞ்சி காய்ச்சினாள்.

2014 கார்த்திகையில் தாண்டவராயனின் முதுகுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை நுழைந்து போகும் இடம்தான் இருந்தது. சுவர் எழுப்பியவர்கள் நாலாவது பக்கத்தையும் அடைக்க வந்தார்கள். நிலைமையைப் பார்த்துவிட்டு, பொங்கல் கழிந்து வருகிறோம் என்று போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் இசக்கி தன் ரூமிலிருந்து கோரைப்பாயையும் தலையணையையும் கொண்டுவந்து, தாண்டவராயனின் தலை விழும் இடம் பார்த்து வைத்தான். கனகம் அவனைப் பார்த்தாள். நரசிம்மனுக்கு அப்போது கண்ணில் புரை விழுந்திருந்தது. தலையணை இருப்பது தமக்குத் தெரியவில்லை என்று அவராகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

தை பிறந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் தாண்டவராயனின் முதுகு தரையில் பட்டது. ஓசை எதுவும் வரவில்லை. சேதி பரவி இரண்டு பெஞ்சுக்காரர்களும் ஓடிவந்தார்கள். நரசிம்மன் இசக்கி மூலையில் நிற்கிறானா என்று தடவிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஒன்று என்றார். கனகம் கயிற்றுக்கு வெளியே கும்பிட்டபடி நின்றாள். பத்து வரை அவன் கிடந்தால் இசக்கிக்கு வெற்றி. அத்தனை வருடம் காத்து நின்றது அதற்காகத்தான். நாலு என்றார், ஐந்து என்றார். தாண்டவராயன் அசையவில்லை. ஆறு என்றபோது இசக்கி கனகத்தின் முகத்தைப் பார்த்தான்.

"எந்திரிங்க அண்ணாச்சி" என்றான்.

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏழு என்று நரசிம்மன் சொன்னபோது அவன் இன்னும் உரக்கச் சொன்னான். "அண்ணாச்சி, அக்கா வந்து நிக்காவ. எந்திரிங்க." எட்டுக்குத் தாண்டவராயன் கண்ணைத் திறந்தான், ஒன்பதுக்கு எழுந்து நின்று கையைத் தூக்கினான். "செகண்டு ஷிப்டு சங்கு தான அது?" என்று கேட்டான். "ஆமா, அது எப்பவோ ஊதிட்டாங்க" என்றாள் கனகம்.

எழுந்துவிட்டால் சண்டை தொடர வேண்டும். ரவுண்டில் மிச்சம் இருந்த கொஞ்ச நேரத்துக்கு இருவரும் சண்டையிட்டார்கள். இசக்கி கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தான், இரண்டு அடி தோளில் பட்டது, ஒன்று காற்றில் போனது. மணி அடிக்க ஆள் இல்லாததால் நரசிம்மன் சைகை காட்டக் கனகமே கஞ்சிக் குண்டானில் கரண்டியால் அடித்தாள். பாயிண்டுகளை நரசிம்மன் மறக்கவில்லை. தாண்டவராயனின் கையைப் பிடித்து உயர்த்தினார்.

தோற்றவன் ரிங்கின் நடுவில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்துக் கங்கம்மாளுக்கே கண் கலங்கியது. தாண்டவராயனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு என் அடி வந்தத பாத்தீயளா அண்ணாச்சி?"

"எங்கப்பா பாத்தேன்? சங்கு ஊதிச்சு. ஊதுனா ஃபோர்க்க எறக்கிட்டு லீவர்லேந்து கைய எட்த்துடணும். வண்டில கீறோம்னு நெனச்சிக்கினு எறக்கிட்டேன். நீ பாத்துதான அட்ச்சே?"

"நானும் பாக்கல. சங்கு ஊதுனா எங்க லைன் ஓட ஆரம்பிச்சிரும். மொதக் கதவு வந்துட்டுன்னு கை தானா போயிட்டு."

இரண்டு பேரும் எதிர்ச்சாரிக் கம்பெனியைப் பார்த்தார்கள். அது இருவருடைய கம்பெனிச் சங்கும் இல்லை. முதலில் தாண்டவராயன்தான் சிரித்தான். இசக்கி சிரித்துக்கொண்டே தலையணையை இழுத்துப் போட்டுச் சாய்ந்தவன் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினான். கால் அசையவே இல்லை. பெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு வாரம் லக்கா திறமையா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

ரிங்கைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் நாலாவது சுவர் இன்னும் வரவில்லை. தாண்டவராயன் விழுந்த அந்த இடத்தில் மட்டும் எது விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுகிறது. பிள்ளைப்பாக்கத்துப் பெண்கள் நடை பழகும் குழந்தைகளை அங்கேதான் கொண்டுவந்து விடுகிறார்கள். பிள்ளை தடுக்கி விழுந்து முடிப்பதற்குள் குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம்.