ஆர்ரே என்று யார் சொல்வது

1

"அது எங்க ஊரு வார்த்தை—"

"எங்க ரிஃப் மலையிலயும் அதைச் சொல்லித்தான் ஓட்டுறாங்க அண்ணே—"

"—எங்கப்பன், அவனுக்கு அப்பன்—"

"—அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கழுதையா?"

இந்தக் கதை பிறந்தது இந்தச் சண்டையில்தான். கிசுகிசுப்பாகக் கத்துபவன் என் தம்பி ஹசிந்தோ. போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்தார்கள், குரல் போயிற்று. மற்றவன் மிமூன், அந்த ரிஃப் மலையிலிருந்து கடல் தாண்டி வந்து எங்கள் கழுதைகள் மேல் தக்கை மரப்பட்டைச் சுமை ஏற்றுபவன். சண்டை 'ஆர்ரே'வுக்காக. கோவேறு கழுதையை நடக்கச் சொல்லும் சொல்.

2

'தக்கை மரக்காட்டின் மேல் காலைப் பனி மெல்ல...'

(அடித்துவிட்டேன். எனக்குக் கதை காதில்தான் விழும், பனி பேசாது.)

அகராதிகளைப் புரட்டினேன். அரபியிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது ஒன்று. விலங்கை விரட்டும்போது வாயில் தானாக எழுந்த ஒலி என்கிறது இன்னொன்று. தம்பிக்கு வாசித்துக் காட்டினேன்.

"எழுதினவன் என்னிக்காவது கழுதை ஓட்டியிருக்கானா?"

3

சரிவில் நாங்கள் கழுதைகளை ஒன்றோடொன்று பிணைப்பதில்லை. ஒன்று சறுக்கினால் மற்றவை பிழைக்க வேண்டும். பின்னால் வருபவனின் குரல்தான் கயிறு. குரல் போன பிறகும் ஹசிந்தோவே பின்னால் நடந்தான்.

"மிமூன் வாயால கேட்டுப் பழகிட்டா, அதுங்க என்னுது இல்லக்கா."

(நான் கத்தினால் திரும்பி என்னிடமே வரும். தீனி வைப்பவள் நான். மிமூன் சொல்லி அவை நடந்ததை, தம்பி இல்லாத நேரத்தில் பார்த்திருக்கிறேன்.)

4

இன்று பாறை விளிம்புப் பாதையில் கல் சரிந்து கிடக்கிறது. முன்னால் போன கழுதை மொரேனா நின்றுவிட்டாள்; 'ஆர்ரே' என்று உரக்கக் கேட்டால்தான் கல்லைத் தாண்டுவாள். பின்னால் உள்ளவை நெருக்குகின்றன. அகலச் சுமைகள் பாறையில் உரச, ஒருத்தியின் பின்னங்கால் விளிம்பு மண்ணை உதிர்க்கிறது.

"சொல்லட்டுமா அண்ணே?" என்றான் மிமூன்.

ஹசிந்தோ கூடாதென்று தலையசைத்தான். மிமூன் ரோஷக்காரன். இரண்டாம் தரம் கேட்கமாட்டான்.

முடிவு அ: தம்பியின் குரல் திரும்பிவிடுகிறது. (மருத்துவர் சிரிப்பார்.)

முடிவு ஆ: மொரேனா பள்ளத்தை நோக்கி ஒரு... (இதை எழுதமாட்டேன்.)

ஹசிந்தோ என் கையைப் பற்றினான்.

"அக்கா, அவனைச் சொல்லச் சொல்லேன்."

கடைக்காரரிடம், வைத்தியரிடம், கூலியாட்களிடம் எல்லாம் அவன் பேச்சைச் சுமந்துபோனவள் நான்தான். மிமூன் கைக்கெட்டும் தூரத்தில், எங்களைப் பார்க்காமல் நிற்கிறான். இந்தக் கதையில் யார் வாயில் எதை வைப்பதென்பதும் என் கையில்தான். இந்தக் கேள்வியை மட்டும் என் வாயில் வைக்கமாட்டேன்.

"நீயே கேளு, ஹசிந்தோ."